நிலை பெயர்த்த வாசல்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சின்னவனுக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. பக்கத்து சீட்டுக்காரன் வழி முழுக்க இவன் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டு, இறங்கும்போது "ஹேப்பி கிறிஸ்துமஸ்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். சாந்துச் சட்டி சுமந்து தேய்ந்துபோன தோள் அது. அதில் தூங்கினவனுக்கு எங்கே ஹேப்பி இல்லாமல் போகும். சின்னவன் பையை இழுத்துக்கொண்டு நடந்தான்.

மற்ற வருஷம் என்றால் பையில் ரெண்டு சட்டை இருக்கும், அண்ணிக்கு ஏதாவது இருக்கும். இந்த வருஷம் அவன் வாழ்க்கையே அந்தப் பைக்குள் இருந்தது. கட்டடம் முடிந்துவிட்டது. கட்டடம் முடிந்தால் கொத்தனாருக்கு அங்கே என்ன சோலி? அவன் படுத்திருந்த தகரக் கொட்டகையை அவன் கண் முன்னாலேயே பிரித்து லாரியில் ஏற்றினார்கள். அடுத்த சைட்டுக்கு வா என்றார் மேஸ்திரி. கை தோளுக்கு மேலே ஏற மாட்டேன் என்கிறது, இனி நம்ம ஊரிலேயே சின்னச் சின்ன வேலையாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. லீவுக்கு வந்த மாதிரி வந்து, பண்டிகைச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கொஞ்சம் நல்ல மனசோடு இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்திருந்தான். வீட்டில் அவனுக்கு ஒரு ரூம் இருந்தது. அந்தத் தைரியம்தான்.

அந்த ரூமை அவனே கட்டினான். ஊரில் மற்றவர்கள் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தால் காலை நீட்டிப் படுப்பார்கள். சின்னவன் வந்தால் கொத்துக் கரண்டியை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். வருஷம் முழுக்க ஒழுகிய குழாய், பெயர்ந்த தரை, வெடித்த தொட்டி எல்லாம் "சின்னவன் வரட்டும்" என்று அவனுக்காகவே காத்துக் கிடக்கும். அந்த வேலைகளுக்கு நடுவில்தான், அப்பா விட்டுப்போன பக்கவாட்டு இடத்தில், ஒரு லீவுக்குக் கடைக்கால், ஒரு லீவுக்குச் சுவர், ஒரு லீவுக்குக் கூரை என்று கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினான். ஹாலில் இருந்து போக ஒரு வாசல். பக்கத்துச் சந்துக்கு ஒரு வாசல். போன வருஷம் உள்ளேயே ஒரு பாத்ரூமும் கட்டி முடித்தான். "இது உனக்குத்தான்டா" என்று அம்மா எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள்.

வீட்டு முனை திரும்பியதும் சந்தோரமாகச் செங்கல் அடுக்கியிருப்பது தெரிந்தது. பக்கத்தில் சலித்த மணல். சாக்கு போட்டு மூடிய சிமென்ட் மூட்டை. இந்த வருஷ லீவும் போச்சு என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். "வாங்க தம்பி. செருப்பை வெளியவே விட்டுடுங்க, இப்பதான் துடைச்சேன்" என்றாள். அவன் பையைப் பார்த்தாள். "என்ன இவ்வளவு பெரிய பை?"

"துணி."

"ரெண்டு நாளைக்கு இவ்வளவு துணியா? கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு எடுத்துட்டு வரமாட்டான்."

ஹாலில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "ஏன்டா இப்படிக் கறுத்துப் போயிருக்க?" என்றாள்.

"வெயில்ல நின்னா வெளுக்கவா செய்யும்."

"வந்ததும் வராததுமா வாயைப் பாரு."

அவன் காதில் அது விழவில்லை. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கிற மூலையில், அவன் கட்டில் செங்குத்தாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் காலில் யாரோ ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள். திரும்பி ரூம் பக்கம் பார்த்தான். கதவு இல்லை. நிலையையும் பெயர்த்து எடுத்திருந்தார்கள். அவன் ரசமட்டம் பிடித்து நிறுத்திய நிலை. நிலை இருந்த இடத்தில் பல் விழுந்த ஈறு மாதிரி சுவர் பிய்ந்து கிடந்தது.

பெரியவன் உள்ளேயிருந்து வந்தான். அவனும் ஒரு காலத்தில் கொத்தனார்தான். இப்போது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சட்டைப் பையில் பேனாவும் வாயில் அதிகாரமும் வீட்டிலும் இருக்கும்.

"வந்துட்டியா? சாப்பிட்டு வா. வேலை சொல்றேன்."

"நிலையை யார் எடுத்தா?"

"நான்தான் ஆளை வச்சு எடுத்தேன். இந்த வாசலை அடைக்கணும். நாலரை இஞ்சுச் சுவர் போதும். ஒரு பகல் வேலை உனக்கு."

"எதுக்கு அடைக்கணும்?"

பெரியவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அடுப்படியைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள். "என் தம்பி பொண்டாட்டியைக் கூட்டிட்டு நாளைக்கு வர்றான். இங்கயே வேலை கிடைச்சிருக்கு அவனுக்கு. புதுசா கல்யாணம் ஆனவங்க, தனி வாசலா இருந்தா நல்லதுன்னு பார்த்தோம். பாத்ரூமும் உள்ளயே இருக்கு."

"அந்தப் பாத்ரூமை நான் கட்டினேன் அண்ணி."

"ஆமா, நல்லா கட்டியிருக்கீங்க. தண்ணி தேங்கவே மாட்டேங்குது" என்றாள் அண்ணி. கேலியாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது என் ரூம். அம்மா சொல்லியிருக்காங்க."

"சொன்னாங்க, யாரு இல்லைன்னா?" என்றான் பெரியவன். "ஆனா வருஷம் பூரா மூடித்தானே கிடக்கு? உள்ள எலி குடும்பம் நடத்துது. எலி இருக்கலாம், என் மச்சான் இருக்கக் கூடாதா?"

"எலி வாசலை அடைக்கச் சொல்லலையே."

"பேசு. நல்லா பேசு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பேசிட்டுப் போயிடு."

சின்னவன் அம்மா பக்கம் திரும்பினான். "நீ சொல்லும்மா."

அம்மா பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் என்னத்தைச் சொல்ல? நீ கிறிஸ்துமஸுக்கு வந்து கிறிஸ்துமஸோட போறவன். தினமும் எனக்குச் சோறு போடுறது இவங்க."

அவ்வளவுதான். பண்டிகைச் சாப்பாடு வரைக்கும் பொறுத்திருக்க அவனால் முடியவில்லை. "இந்தத் தடவை நான் போகப்போறதில்ல. வேலையை விட்டுட்டேன். இங்கதான் இருக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டான்.

அம்மா உரித்த பூண்டைத் தோல் குவியலில் போட்டாள்.

பெரியவன் சிரித்தான். "விட்டியா, விரட்டினாங்களா?"

"தோள் முடியலை."

"தோள் முடியாதவனுக்கு இங்க மட்டும் யார் வேலை குடுப்பா? இங்க இருக்கேன்னா எங்க இருப்ப?"

"என் ரூம்ல."

"டேய், அந்த ரூம் பேச்சு முடிஞ்சு போச்சு. அவனுக்கு வாக்குக் குடுத்தாச்சு. அவன் மாமனார் வீட்டுலயும் சொல்லியாச்சு. என் மானம் போயிடும். உனக்கு மாடிப்படிக்குக் கீழ கட்டில் போட்டிருக்கில்ல?"

"நிமிர்த்தி வச்சிருக்கீங்க. நின்னுக்கிட்டே தூங்கணுமா?"

"அதைச் சாய்ச்சா ஆள் நடக்க முடியாது தம்பி" என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து. "படுக்கிற நேரத்துக்கு மட்டும் சாய்ச்சுக்குங்க. காலையில நிமிர்த்திடுங்க."

"நான் கட்ட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க" என்றான் சின்னவன்.

"பார்க்கிறேன். சைட்டுல இருந்து ரெண்டு பேரைக் கூப்பிட்டா வந்து அடைச்சிட்டுப் போறானுங்க. சுவர் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும். நீ எழுப்பின சுவருக்கு நடுவுல அது நிக்கிறதை வருஷா வருஷம் வந்து பார்த்துட்டுப் போ."

சொன்னவனுக்குத் தெரியும், எங்கே குத்தினால் தம்பிக்கு வலிக்கும் என்று. ஒரே சட்டியில் சாந்து அள்ளி வளர்ந்தவர்கள்.

மறுநாள் காலையில் சின்னவன் கரண்டியை எடுத்தான். மனசில் ஒரு கணக்குப் போட்டிருந்தான். சுவரைக் கட்டி முடித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பண்டிகைச் சாப்பாட்டில் ஒரு பருக்கை தொடாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் கணக்கில் விடை வரவில்லை.

பெரியவன் சட்டையை மாட்டிக்கொண்டே சூப்பர்வைசர் குரலில் சொன்னான்: "மச்சானைக் கூட்டிட்டு வரப் போறேன். ராத்திரி சர்ச்சுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி சுவர் மேல வரைக்கும் வந்திருக்கணும். கல்லை நல்லா நனை. ஹால் பக்கம் பூச்சு லீவு முடிஞ்சு பார்த்துக்கலாம்." என்ன கட்ட வேண்டும், எப்போது முடிக்க வேண்டும், எப்படி நனைக்க வேண்டும் எல்லாம் சொன்னான். இத்தனை வருஷம் ஆளை வைத்து வேலை வாங்கியவன், எந்தப் பக்கம் நின்று கட்ட வேண்டும் என்று சொல்லாமல் போய்விட்டான்.

சின்னவனும் அதை அப்போது யோசிக்கவில்லை. செங்கலும் மணலும் சந்தில் இருந்தன. அண்ணி ஹாலுக்குள் ஒரு கல்லைக்கூடக் கொண்டுவர விடமாட்டேன் என்று நின்றாள். "நாளைக்கு நாலு பேர் வர்ற வீடு, தூசி பறக்கக் கூடாது" என்று சொல்லி, ஹால் பக்கத்தில் வாசலை மறைத்து ஒரு பழைய போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். "இந்தச் சுவர் வந்ததும் டிவியை இங்க மாத்திடலாம். ரொம்ப நாளா இடம் இல்லாம இருந்துச்சு" என்று அம்மாவிடம் சொல்வது போர்வைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அதனால் சந்து வழியாகக் கல்லை ரூமுக்குள் கொண்டுவந்தான். ரூமுக்குள்ளேயே சாந்து குழைத்தான். ரூமுக்குள் நின்றுதான் முதல் கல் வரியை வைத்தான். நூல் கட்டினான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். கோபத்தில் கட்டுகிற சுவர் கோணும் என்று நினைத்திருந்தான். ஒரு மயிரிழை கோணவில்லை. தோள் மட்டும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முறை அவனைத் திட்டியது. அவனும் ஒவ்வொரு கல்லுக்கும் அண்ணனை ஒரு முறை திட்டினான்.

சுவர் இடுப்பளவு வந்தது. தண்ணீர் குடிக்க ஹாலுக்குப் போகலாம் என்று காலைத் தூக்கியவன், தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தான். சுவரைத் தாண்டினால் ஈரக்கல் அசைந்துவிடும். சுற்றிப் பார்த்தான். சந்துக்கதவு இருந்தது. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. பாத்ரூமில் தண்ணீர் இருந்தது. போய்க் குழாயைத் திறந்து கையை ஏந்திக் குடித்தான். குடிக்கும்போதே சிரிப்பு வந்து தண்ணீர் மூக்கில் ஏறியது.

அதற்குப் பிறகு அவன் தோள் வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலித்தது. ஆனால் கட்டின வேகம் வேறு.

நெஞ்சளவு வந்தபோது போர்வை விலகியது. அம்மா. கையில் காபி டம்ளர். சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் தாழ்ப்பாள் போட்டிருந்த சந்துக்கதவைப் பார்த்தாள். டம்ளரைச் சுவர் மேல் வைக்கப் போனவளிடம், "வைக்காத, ஈரம்" என்று சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டான்.

"எப்படி வெளிய வருவ?"

"வர மாட்டேன்."

அம்மா சந்துக்கதவை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். "உங்க அப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்றாள். அது வசவா வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"என் பை அங்க இருக்கு. எடுத்துக் குடு."

"நான் ஏன் எடுத்துக் குடுக்கணும்? நாளைக்கு எனக்கு யார் சோறு போடுவா?"

"அப்ப போய் அவங்ககிட்ட சொல்லு."

அம்மா போர்வையை விட்டுவிட்டுப் போனாள். போய்ச் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தான். அடுத்த கல்லை எடுத்துச் சாந்து போடாமலே கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் தரையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பை சுவருக்கு மேலே எழும்பி வந்தது. பின்னால் அம்மாவின் கறுவல்: "உள்ள என்ன கல்லா வச்சிருக்க? நெஞ்சு வெடிச்சுச் செத்தா உன் தலையிலதான்."

வாங்கிக்கொண்டான்.

"உனக்காகன்னு நினைச்சுக்காத" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "அவ தம்பி பொண்டாட்டிக்கும் சேர்த்து நான் வடிச்சுக் கொட்டணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. சீக்கிரம் ஏத்து. வந்துடுவாங்க."

"அம்மா..."

"பேசாத. கல்லை வை."

காலி பெயின்ட் டப்பா மேல் ஏறி நின்று கட்டினான். கை தோளுக்கு மேலே ஏறவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து ஏற்றினான். மேலே ஒரே ஒரு கல்லுக்கான ஓட்டை மிச்சம் இருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெட்டிகள் இறங்கின. புதுப்பெண்ணின் வளையல் சத்தம் சந்துக்குள் வந்தது. சந்துக்கதவை யாரோ தள்ளினார்கள்.

"மாமா, பூட்டியிருக்கு" என்றான் மச்சான்.

"பூட்டே கிடையாதே அதுக்கு. தள்ளு."

தள்ளினான். தாழ்ப்பாள் கிறீச்சிட்டதே தவிர அசையவில்லை. பிறகு செருப்புச் சத்தம் ஹாலுக்குள் ஓடியது. போர்வை அறுபட்டு விழுந்தது. ஓட்டையில் பெரியவன் முகம் தெரிந்தது, நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் மட்டும். நாற்காலி மேல் ஏறி நின்றிருப்பான்.

"டேய். நீ எந்தப் பக்கம்டா நிக்கிற?"

"தெரியலையா?"

"கதவைத் திறடா."

"இது என் ரூம்."

"விளையாடாத. பண்டிகை நாளும் அதுவுமா விருந்தாளியைத் தெருவுல நிக்க வைக்காத. திற."

"திறக்க மாட்டேன்."

அண்ணியின் குரல் கீழேயிருந்து வந்தது. "நான் அப்பவே சொன்னேன், சைட்டு ஆளுங்களை வைங்கன்னு. காசில்லாம வேலை ஆகும்னு உங்க தம்பியை வச்சீங்க. கட்டி வச்சிருக்கார் பாருங்க, கோட்டை."

"வாயை மூடு நீ" என்றான் பெரியவன் அவளிடம். திரும்பி ஓட்டைக்குள், "ஈரச் சுவர்டா இது. ஒரு உதை. மொத்தமும் உன் மேலதான் விழும்" என்றான்.

உண்மைதான். அவனும் கொத்தனார். அவனுக்குத் தெரியும், இந்த நேரத்தில் சாந்து பிடித்திருக்காது. சின்னவன் டப்பாவிலிருந்து இறங்கினான். இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"உதை" என்றான். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது அவனுக்கே வினோதமாக இருந்தது. "உதைச்சா வாசல் திறந்துக்கும். நான் நேரா உன் ஹாலுக்கு வந்து படுப்பேன். உன் மச்சான் சர்ச்சுக்குப் போகும்போது என்னைத் தாண்டிப் போகட்டும். உதைக்கலைன்னா நான் இங்க, நீ அங்க. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

நாற்காலி கிறீச்சிட்டது. பெரியவன் உள்ளங்கையைச் சுவரில் வைப்பது கேட்டது. நடுவில் கொஞ்சம் சாந்து உதிர்ந்து இந்தப் பக்கம் விழுந்தது. அந்தக் கை அங்கேயே இருந்தது. தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

புதுப்பெண் மெதுவாகக் கேட்டாள், "நாம எங்க அம்மா வீட்டுக்கே போயிடலாமாங்க?"

"சும்மா இரு" என்றான் மச்சான்.

"தள்ளாத" என்றாள் அம்மா. எங்கிருந்து பேசினாள் என்று தெரியவில்லை. "தள்ளினா அந்தக் குப்பையை நான் கூட்ட மாட்டேன். சொல்லிட்டேன்."

கை எடுபட்டது.

"இனிமே உனக்கு இந்த வீட்டுல ஒரு வாய் சோறு கிடையாது" என்றான் பெரியவன்.

"சரி."

"கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், சாவு, எதுக்கும் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது."

"சரி."

"நீ செத்தாலும் வர மாட்டேன்."

"அது உன் இஷ்டம். மூஞ்சியை எடு. கல்லை வைக்கணும்."

பெரியவன் எடுக்கவில்லை. சின்னவன் டப்பாவில் ஏறி, கல்லின் மூன்று பக்கமும் சாந்து தடவி, ஓட்டைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். தோள் நடுங்கியது. கல்லுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கண்கள். சின்ன வயசில் சாந்து தெறித்து வலது கண் ஓரத்தில் விழுந்த தழும்பு இன்னும் இருந்தது. கண் கலங்கியிருந்ததா, தூசியா என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை. பார்க்க அவனுக்கு இஷ்டமும் இல்லை.

"கை வலிக்குது. எடு" என்றான்.

முகம் போனது. கல்லை உள்ளே தள்ளி, கரண்டிக் காம்பால் ரெண்டு தட்டுத் தட்டினான். வெளியே பிதுங்கிய சாந்தை வழித்து எடுத்தான். மேல் இடுக்கில் விரலால் அடைத்தான்.

டப்பாவிலிருந்து இறங்கி, ஈரத்தரையில் பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். பசித்தது. காலையிலிருந்து அந்த ஒரு காபிதான். நாளைக்குக் கடைகள் திறக்காது. அதற்கு அடுத்த நாள் வேலை தேட வேண்டும். ஒரு பாய் வாங்க வேண்டும், சந்துக்கதவுக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும், அதற்கு முன்னால் வெளியே போனால் திரும்பி உள்ளே வர விடுவார்களா என்று தெரிய வேண்டும்.

அந்தப் பக்கம் அண்ணி உச்சக் குரலில் திட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் பெரியவனும் கத்தினான். சின்னவன் காதைச் சுவரில் வைத்துக் கேட்டுப் பார்த்தான். நாலரை இஞ்சுதான், ஆனாலும் நல்ல சுவர். திட்டுவது கேட்டது. என்ன திட்டுகிறார்கள் என்பது கேட்கவில்லை.